காற்றுக்கும் ஒரு பதிவேடு

35 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் காலங் கழித்தவன் நான். காற்றைப் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம், "காற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிறகு, எரிகின்ற மெழுகுவத்தியின்மீது கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்ப்பேன். சுடர் சிறுத்து அணையும். "பார்த்தீர்களா? கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்" என்று கூறிப் பாடத்தை முடிப்பேன். பிள்ளைகள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். கற்பித்த நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. அது எவ்வாறு என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

1998-ஆம் ஆண்டில் காவிரியின் கடைமடைப் பகுதியில், ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளிக்குக் கிழக்கே, நெல் வயல்களுக்கு நடுவில் ஓர் எண்ணெய்க் கிணறு இருந்தது. எண்ணெயோடு கூடவே பூமியிலிருந்து வாயுவும் மேலே வரும். அதில் பயன்படுத்தாமல் விடும் பகுதியை, உயரமான இரும்புக் குழாயின் நுனியில் கொளுத்தி விட்டிருந்தார்கள். அந்தத் தீ இரவும் பகலும் எரியும். அமாவாசை இரவிலும் எங்கள் ஊர்க் குளத்து நீர் செம்மை பூத்துக் கிடக்கும். ஒரு நாள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று சாலையோரத்தில் நிறுத்தி, "நம் மண்ணுக்கு அடியில் எத்தனை செல்வம் இருக்கிறது, பாருங்கள்" என்று பெருமையோடு காட்டினேன்.

சில மாதங்கள் சென்றன. ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, வயல்வேலைக்குப் போகும் ஒரு தாய் பள்ளி வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, பையனுக்கு ராத்திரியானா இழுப்பு வருது. தூங்க மாட்டேங்குறான். அந்த நெருப்பாலே இருக்குமா?" என்று கேட்டாள்.

நான் சிறிதும் தயங்கவில்லை. "அதில் புகையே தெரியவில்லையே, அம்மா! மழைக்காலத்து ஈரம் பட்டிருக்கும். கஷாயம் வைத்துக் கொடு, சரியாகிவிடும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான், ஐயா" என்று கூறி அவள் போய்விட்டாள்.

அவள் கேட்டது நல்ல விஞ்ஞானக் கேள்வி. நான் சொன்னது விஞ்ஞானமே அல்ல. புகை தெரியவில்லை, ஆகவே தீங்கு இல்லை என்றேன். மெழுகுவத்தியின்மீது குவளையைக் கவிழ்த்துக் காட்டிய அதே வாயால் இதைச் சொன்னேன். பணி ஓய்வு பெற்ற பிறகு, இந்தப் பொருளைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், அன்று எவ்வளவு அவசரப்பட்டுவிட்டேன் என்பது விளங்கிற்று.

ஓர் எண்ணெய்க் கிணற்றிலிருந்து காற்றில் கலப்பவை யாவை? முதலாவது, கிணறு தோண்டும் பெரிய டீஸல் எந்திரங்களும், வந்து போகும் லாரிகளும் விடும் நுண்ணிய கரித்துகள்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் ஆகும். இரண்டாவது, எண்ணெய் சேர்த்து வைக்கும் தொட்டிகளின் வாயிலிருந்தும், குழாய் இணைப்புகளிலிருந்தும் கசியும் ஆவிகள். மீத்தேன் அவற்றுள் ஒன்று, பென்ஸீன் மற்றொன்று. பென்ஸீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. மூன்றாவதாக வருவது, நான் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அந்தத் தீ.

வாயு முழுவதும் எரிந்துவிட்டால் கரியமில வாயுவும் நீராவியும்தான் மிஞ்சும். ஆனால் முழுவதும் எரிகிறதா? வேகமான காற்று வீசும்போது சுடர் சாய்கிறது. சில வேளைகளில் அணைந்தும் போகிறது. அப்போது எரியாத வாயு அப்படியே வெளியேறுகிறது. பாதி எரிந்த வாயுவிலிருந்து கரித்துகளும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் பார்மால்டிஹைடும் உண்டாகின்றன. அமெரிக்காவில், இத்தகைய தீயில் மீத்தேனில் 100-க்கு 98 பங்கு எரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டே நெடுங்காலம் கணக்கு எழுதி வந்தார்கள். அந்நாட்டின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களின்மேல் விமானத்தில் பறந்து காற்றை அளந்து பார்த்த விஞ்ஞானிகள், உண்மையில் அழிவது 91 பங்கு அளவே என்று 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தப்பிச் செல்வது 2 பங்கு என்று நினைத்திருந்த இடத்தில் 9 பங்கு தப்பிச் சென்றுகொண்டிருந்தது. எண்ணியதற்கும் அளந்ததற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்!

"கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன? மூக்கு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். மூக்கையும் முற்றிலும் நம்புவதற்கில்லை. சில இடங்களில் பூமியிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நஞ்சு கலந்திருக்கும். சிறிதளவில் அது அழுகிய முட்டையைப் போல் நாறும். அளவு மிகும்போது அது முகரும் நரம்பையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிற்று என்று மனிதன் நினைக்கும் வேளையே மிகக் கொடிய வேளை. சீனத்தில் சோங்சிங் பகுதியைச் சேர்ந்த காய்ஷியன் வட்டாரத்தில், 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, தோண்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வாயுக் கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. அந்த நஞ்சு கலந்த காற்று மலைக் கிராமங்களைச் சூழ்ந்தது. 243 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அக்கம் பக்கத்துக் கிராமத்து மக்கள். 60,000 பேருக்கு மேல் ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெளியேறும் வாயுவைக் கொளுத்திவிட்டிருந்தால் அதன் கொடுமை பெரிதும் குறைந்திருக்கும். கொளுத்தியதோ மறுநாள் பிற்பகலில்தான். ஆகவே, எரியும் தீ எல்லா வேளையிலும் பகை என்று நான் சொல்ல வரவில்லை. சில வேளைகளில் அதுவே காவல். எது காவல், எது பகை என்பதை அளந்தறிந்துதான் சொல்ல முடியும்.

காய்ஷியனில் நிகழ்ந்தது ஒரே இரவில் வந்த பேரிடர். உலகம் முழுவதும் அதை அறிந்தது. ஓசையின்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக வரும் தீங்கை யார் அறிவார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியைப் படித்தேன். அதை உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அங்கே ஸப்லெட் கவுன்டி என்று ஒரு மாவட்டம் உண்டு. பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 10,000 பேரே. பைன்டேல் என்பது அதன் தலைநகரான சிற்றூர். சுற்றிலும் பனி மூடிய மலைகள். பெரிய ஆலைகள் இல்லை. நெரிசலான வீதிகள் இல்லை. தூய காற்றுக்கு இலக்கணம் சொல்ல வேண்டுமானால், அந்த ஊரைத்தான் காட்டத் தோன்றும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கை வாயுக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. 2005-ஆம் ஆண்டில் அங்கே காற்றை அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. அவை காட்டிய கணக்கு யாரும் எதிர்பாராததாக இருந்தது.

அந்தக் காற்றில் ஓஸோன் மிகுந்திருந்தது. வானத்தின் உச்சியில் இருக்கும்போது ஓஸோன் நமக்குக் குடையாகும். நாம் மூச்சு விடும் உயரத்தில் இருந்தால் நுரையீரலைப் புண்படுத்தும். இது நேராக எந்தக் குழாயிலிருந்தும் வருவதில்லை. கிணறுகளிலிருந்து கசியும் ஆவிகளும், எந்திரங்கள் விடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் ஒன்று கூடி இதைச் சமைக்கின்றன. கோடையில், மோட்டார் வண்டிகள் நிறைந்த பெருநகரங்களில்தான் இது மிகும் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். பைன்டேலிலோ கடுங்குளிர் காலத்தில் மிகுந்தது. காரணம் என்ன? தரையை மூடிய வெண்பனி வெயிலைக் கண்ணாடிபோல் மேலே திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒளி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிர்ந்த காற்று தரையோடு தரையாகத் தங்கிவிட, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல் கவிந்துகொள்கிறது. நான் மெழுகுவத்தியின்மேல் கவிழ்த்த குவளையை, இயற்கை அந்தப் பள்ளத்தாக்கின்மேல் கவிழ்த்தது.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குழந்தைகளும் முதியோரும் வெளியில் அதிகம் நடமாட வேண்டாம் என்று அந்த மாநில அரசு எச்சரித்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், எட்டு மணி நேரச் சராசரியாக, நூறு கோடிப் பங்கு காற்றில் 124 பங்கு ஓஸோன் காணப்பட்டது. அக்காலத்தில் அந்நாடு வகுத்திருந்த எல்லை 75 பங்கு. புகைமூட்டத்திற்குப் பெயர் பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், அதற்கு முந்திய ஆண்டு முழுவதிலும் கண்ட மிக மோசமான நாளைவிட, இந்தப் பனிமலைச் சிற்றூரின் காற்று மோசமாக இருந்தது!

இதற்கு மேல் அவர்கள் செய்த காரியம்தான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறையினர், 2008 முதல் 2011 வரையில் அவ்வட்டார மருத்துவ நிலையங்களில் மூச்சுக் கோளாறுக்காக வந்தவர்களின் பதிவேட்டை எடுத்தார்கள். காற்றுக் கருவி எழுதி வைத்த பதிவேட்டையும் எடுத்தார்கள். இரண்டையும் நாளுக்கு நாள் ஒப்பு நோக்கினார்கள். நூறு கோடியில் 10 பங்கு ஓஸோன் ஏறினால், மறுநாள் மூச்சுக் கோளாறுக்காக வருவோர் நூற்றுக்கு 3 வீதம் கூடுவதைக் கண்டார்கள். 2013-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். இந்த ஒரு கணக்கே முடிந்த முடிபு ஆகாதென்பதை அவர்களும் அறிவார்கள். ஆனாலும், "அப்படி இருக்குமோ?" என்று கேட்ட மக்களுக்கு, "இதோ, பார்த்துச் சொல்கிறோம்" என்று விடை கூற அவர்களிடம் வழி இருந்தது. அரசாங்கமும் விதிகளை இறுக்கிற்று. கசிவுகளைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும், தொட்டிகளிலிருந்து எழும் ஆவியைப் பிடிக்க வேண்டும் என்று கிணறு நடத்துவோருக்குக் கட்டளையிட்டது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அந்த இரண்டு பதிவேடுகளில் ஒன்று என்னிடமும் இருந்தது! மாணவர் வருகைப் பதிவேட்டைத்தான் சொல்கிறேன். எந்தப் பிள்ளை எந்த நாளில் வரவில்லை என்பதை நாள் தவறாமல் எழுதி வந்தவன் நான். அந்தச் சிறுவன் எத்தனை நாள் வரவில்லை, அவனோடு வேறு யார் வரவில்லை, கிழக்குக் காற்று வீசிய நாட்களில் காலி இடங்கள் மிகுந்தனவா என்று ஒரு முறையேனும் நான் புரட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பாதிதான் விளங்கியிருக்கும். அதனோடு சேர்த்துப் படிக்க, எங்கள் ஊரில் காற்றுக்குப் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்று நாம் எளிதில் நினைத்துவிடுகிறோம். பைன்டேலில் கருவி வைப்பதற்கு முன்பும் காற்று எவ்வாறு இருந்ததோ, யார் கண்டார்?

நேயர்களே, எண்ணெயே வேண்டாம், வாயுவே வேண்டாம் என்று வாதாடுவதற்காக நான் இங்கே வரவில்லை. விறகுப் புகையில் கண் கசிந்து நெஞ்சு காய்ந்த நம் தாய்மார்களுக்கு, சமையல் வாயு உருளை எத்தகைய விடுதலை என்பதை நான் அறிவேன். அடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுப்பதே. ஆனால், ஒரு வீட்டின் அடுப்புப் புகையைப் போக்க வந்த பொருள், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மூச்சை வாங்கிக்கொண்டு வரலாமா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டிலும் எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. கோதாவரி டெல்டாவில் பாசர்லபூடி என்ற இடத்தில், 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் பீறிட்டெழுந்த கிணறு 65 நாட்கள் எரிந்தது. அஸ்ஸாமில் பாக்ஜான் கிணறு, 2020-ஆம் ஆண்டு மே மாதம் பீறிட்டு, ஜூன் மாதம் தீப்பற்றி, நவம்பரில்தான் அடங்கியது. தீயணைக்கச் சென்ற இருவர் உயிர் நீத்தனர். தமிழ்நாட்டில், 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. அங்கே புதிய எண்ணெய், வாயு ஆய்வுகளுக்குத் தடை உண்டு. ஆனால் முன்பே நடந்துவந்த வேலைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆகவே, பழைய கிணறுகளுக்கு அருகில் வாழ்கின்ற மக்களுக்குக் காற்றைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

காற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லையும் நம்மிடம் உண்டு. 2009-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த தரத்தில், பென்ஸீன் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. ஓஸோன் எட்டு மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. நல்ல சட்டமே. ஆனால் படியளவு எழுதி வைத்தால் மட்டும் போதாது. படியை எடுத்து அளக்கவும் வேண்டும் அல்லவா?

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றுக்கு அரை மைலுக்குள் வாழ்வோருக்கு நோய் அபாயம் தொலைவில் வாழ்வோரைவிட அதிகம் என்று, கொலராடோ மாநிலத்தில் 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அந்த மாநிலம் 2020-இல், புதுக் கிணறுகள் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் 2,000 அடி தள்ளியிருக்க வேண்டும் என்று பொது விதி செய்தது. கலிபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டத்தில் அந்தத் தூரத்தை 3,200 அடி ஆக்கியது. பள்ளிக்கூடத்தின் பெயரை அந்த விதிகளில் கண்டபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நாம் செய்யத்தக்கவை என்ன? கிணறுகளுக்கு அருகிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் காற்றை அளக்கும் கருவி வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் செய்யலாம். அளந்த கணக்கு பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட வேண்டும். கணக்கு இருந்தும் காட்டப்படவில்லையானால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூச்சுக் கோளாறு என்று வருவோரின் எண்ணிக்கையை ஊர்வாரியாக எழுதி வைக்கும்படி வேண்டலாம். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், அன்று துர்நாற்றம் வந்ததா, தீ பெரிதாக எரிந்ததா, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று ஒரு வரி எழுதுங்கள். பணச் செலவு இல்லை. பின்னால் வரும் ஆராய்ச்சியாளருக்கு அது பொன்னேடு ஆகலாம். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று எழுந்தால், அது நிற்கிறதா என்று காத்திராமல், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி மேட்டு நிலத்தை நோக்கிச் செல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அந்த நஞ்சு காற்றைவிடக் கனமானது; பள்ளத்தில் தங்கும்.

முடிக்கும் முன், விட்ட கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் அந்த மாணவனைக் கண்டேன். தலையில் நரை தோன்றத் தொடங்கியிருக்கிறது. காலைத் தொட்டு வணங்கினான். சட்டைப் பையில், மூச்சுத் திணறலுக்கு மருந்தை உறிஞ்சும் சிறு குழாய் இருந்தது. என் பார்வை அதன்மேல் நின்றதைக் கவனித்துச் சிரித்தான்.

"சின்ன வயசிலேயிருந்து இருக்கு, ஐயா. அம்மா உங்ககிட்டேகூட வந்து கேட்டதாச் சொல்லும். அந்த நெருப்பாலேதான் வந்துச்சா, ஐயா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது, தம்பி. அன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

அவனுக்கு என்மீது வருத்தம் இல்லை. "போகட்டும், ஐயா. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, என்னைப் பந்திக்கு அழைத்துச் சென்று தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

அவன் இழுப்புக்குக் காரணம் அந்தத் தீயா, மழைக்காலத்து ஈரமா, வீட்டு அடுப்பா, பிறவியிலேயே வந்த குறையா என்று இனி எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. அந்த ஆண்டில் எங்கள் ஊரில் வீசிய காற்று போய்விட்டது. அதை யாரும் அளந்து வைக்கவில்லை. ஆனால் இன்று காலை வீசிய காற்றை அளக்க முடியும். நாளை வீசப்போவதையும் அளக்க முடியும். இன்னொரு தாய் இன்னொரு பள்ளி வாசலில் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்கும்போது, அங்கே இருக்கும் தலைமையாசிரியர் இரண்டு பதிவேடுகளையும் எடுத்து விரித்து, "வாருங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறும் நிலை வர வேண்டும். அதுவே என் ஆசை.